கோயில் பூட்டியிருந்த பகல்

பிரகதாம்பாள் பழைய வேட்டியின் கரையைக் கிழித்து, செத்துப்போன கணவருடைய கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருமினார்கள். கோயில் தர்மகர்த்தா இராஜாங்கம். மாலையைப் போட்டார், கும்பிட்டார். போகவில்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் எதற்கு நிற்கிறார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். கோயில் தெருவில் பிணம் கிடக்கிறவரைக்கும் சாமிக்கு விளக்கு இல்லை, நைவேத்தியம் இல்லை, கதவே திறக்க மாட்டார்கள். வேறு நாளாக இருந்தால் ஒருவரும் பேசப்போவதில்லை. இன்றைக்குப் பார்த்து ரிஷப வாகனப் புறப்பாடு. விடிகாலையில் பல் துலக்கப் போன வைத்தியலிங்கம், அடிபம்பு ஓரமாக உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். நாள் பார்த்தா போகிறார்கள் யாரும்?

"அவசரப்படுத்துறேன்னு நினைக்காதீங்க அண்ணி. மூணு மணிக்குள்ள எடுத்துட்டா தெருவக் கழுவி விட்டு, சாயங்காலம் சாமியக் கெளப்பிடலாம். இல்லேன்னா இந்த வருஷம் புறப்பாடு இல்லேன்னு சொல்லிடுறேன். உங்க இஷ்டந்தான்."

எந்த வயலில் எந்த விதை, கொடிக்காலில் எப்போது வெற்றிலை கிள்ளுவது, எல்லாம் வைத்தியலிங்கத்தின் இஷ்டப்படி நடந்த வீடு அது. இப்போது அவள் இஷ்டமாம். அவள் மகன் செந்தில்குமாரைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"மூஸா மாமா கெளம்பிட்டாராம்மா. திருத்துறைப்பூண்டிலேர்ந்து பஸ் ஏறிட்டாரு" என்றான்.

மூஸா வெற்றிலை வியாபாரி. வைத்தியலிங்கத்துக்கும் அவருக்கும் கும்பகோணம் மார்க்கெட்டில்தான் முதல் பழக்கம். பக்கத்துக் கடை டேப்ரெக்கார்டரில் நாகஸ்வர வித்வான் மருதையனுடைய வாசிப்பு ஓடிக்கொண்டிருந்ததாம். வெற்றிலைக் கட்டுகளைக் கவுளி கவுளியாக எண்ணிக்கொண்டிருந்த மூஸா எண்ணிக்கையை விட்டுவிட்டு அப்படியே நின்றாராம். விற்க வந்த இவரும் நின்றாராம். வெயில் ஏறி வெற்றிலை வாடியதுதான் மிச்சம் என்று இவரே சொல்லிச் சிரிப்பார். அன்றிலிருந்து மருதையன் எந்த ஊர்க் கோயிலில் வாசித்தாலும் இரண்டு பேரும் ஒரே மொபெட்டில் போய்விடுவார்கள். மருதையன் செத்துப்போன அன்றைக்கும் போனார்கள். திரும்பி வந்து நேரே கொடிக்காலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பிரகதாம்பாள் காபி கொண்டுபோனாள். செல்போனில் மருதையன் வாசித்துக்கொண்டிருந்தார். இவர் தாளம் போட்டது மூஸாவின் தொடையில். தன் தொடை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. மூஸாவும் சொல்லவில்லை. காபி ஆறிப்போய் ஆடை கட்டியது.

அவளுக்கு அந்தச் சங்கீதம் பிடிபட்டதே இல்லை. கல்யாண வீட்டுச் சத்தம், அவ்வளவுதான்.

இன்றைக்கு வாசிக்க வந்திருப்பது மருதையனின் மகள் அனுராதா. அப்பா வாசித்த தெருவில் முதல் தடவையாக வாசிக்கப்போகிறாள். பொம்பளைப் பிள்ளை தெருவில் நின்று வாசிப்பதாவது என்று கமிட்டியில் இழுத்தடித்தார்கள். இவரும் மூஸாவும் இராஜாங்கம் வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்து சம்மதிக்க வைத்தார்கள். நேற்று ராத்திரிகூட மூஸாவிடம் போனில், சீக்கிரம் வந்துடுங்க, முன்னாடி நின்னு கேக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூஸாதான் இப்போது வேறு காரியத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்.

வெயில் ஏறியது. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் தண்ணீர் கோத்தது. பிரகதாம்பாள் முந்தானையால் துடைத்துத் துடைத்து முகத்தைப் பார்த்தாள்.

மூஸாவுக்காகக் காத்திருந்தால், இவர் அலைந்து அலைந்து ஏற்பாடு செய்த வாசிப்பு இவராலேயே நின்றுபோகும். எடுத்துவிட்டால், மூஸாவுக்கு இவர் முகம் பார்க்கக் கிடைக்காது. இதில் இவர் எதைச் சொல்லுவார்? ஒரு சமயம் இதுதான் சரி என்று பட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அதுதான் சரி என்று பட்டது.

"அப்பா இருந்தா எடுக்கத்தாம்மா சொல்லுவாரு."

"மூஸா அண்ணன் வந்தா இவரு டீ கூடத் தனியா குடிக்க மாட்டாருடா."

நாத்தனார் ஒருத்தி பின்னாலிருந்து, "நல்லாருக்கே, பாய் வர்றதுக்காகச் சாமியக் காக்க வைக்கிறதா" என்றாள். பிரகதாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை.

அனுராதாவும் வந்தாள். வாசிக்கிறவள், சாவு வீட்டுக்குள் வரக்கூடாது. எதிர்ச்சாரியில், வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டாள். செந்தில்குமார் போய்ப் பேசிவிட்டு வந்தான். நீங்கள் எப்போது எடுத்தாலும் சரி, எடுக்கவே இல்லை என்றாலும் சரி, நான் இருக்கிறேன் என்று சொன்னாளாம். அதைக் கேட்டதும் பிரகதாம்பாளுக்கு இருந்த கொஞ்சம் தெளிவும் போயிற்று.

மூன்று மணியை நெருங்கும்போது மகன் மூஸாவுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தான். அந்தப் பக்கம் ஒரே ஹாரன் சத்தம்.

"வழியில பஸ் ரிப்பேராயி லேட்டு, இப்பத்தான் நீடாமங்கலம் கேட்டுல நிக்கிறோம் தங்கச்சி. கூட்ஸ் வண்டி போய்க்கிட்டே இருக்கு."

"மூணு மணிக்குள்ள எடுக்கணுங்கறாங்கண்ணே. இல்லாட்டி கோயில் தொறக்காது. அந்தப் புள்ள வாசிக்க முடியாது. என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள். போகவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஓடலம்மா" என்றார் மூஸா. "இந்த மாதிரின்னா நான் அவர்கிட்டதான் கேப்பேன்."

அவள் போனை மகனிடம் கொடுத்தாள். இராஜாங்கம் பந்தலுக்கு வெளியே, இவளைப் பார்க்காத மாதிரி நின்றிருந்தார்.

"எடுங்கப்பா" என்றாள்.

சொன்ன கையோடு, வேண்டாம், இருங்கள் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் பாடை தோளுக்கு ஏறிவிட்டது. பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் அழுதுவிட்டுத் திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவித் தலைமுழுகி, ஈரப் புடவையோடு அவள் வாசலில் வந்து நின்றபோது தெருவும் கழுவி விட்டிருந்தது. பந்தல்காரன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். முனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மூஸா இறங்கினார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அடுக்கிய நாற்காலிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவளுக்கு அவர் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.

"ஆத்தங்கரைலதாண்ணே இருப்பாங்க. இன்னும் வரட்டி அடுக்கிருக்க மாட்டாங்க. வைக்கலப் போட்டு மண்ணு பூசி மூட்டம் போடுறதுக்குள்ள மொகம் பாத்துடலாம். வாய்க்கா கரையோட போங்க, ஆட்டோ போவாது."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். வேகமாகத்தான் எட்டு வைத்தார். அப்போது கோயில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கூடவே உள்ளேயிருந்து நாகஸ்வரம்.

மூஸா நின்றுவிட்டார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோயில் பக்கம் ஒரு தரம், ஆற்றுப் பக்கம் ஒரு தரம் அவர் தலை திரும்பியது. வழி தவறிய ஆள் மாதிரி இருந்தது.

"புள்ள ஆரம்பிச்சிடிச்சு தங்கச்சி" என்றார்.

"கேக்குதுண்ணே. நீங்க போங்க."

அவர் போனார். வாய்க்கால் கரை ஏறியதும் ஓட்டமாகப் போவார் என்று நினைத்தாள். தவில் சேர்ந்துகொண்டது. அது மெதுவான நடை. சாமி தூக்குகிறவர்கள் தோள் மாறாமல் அடியடியாக எடுத்து வைப்பதற்கு வாசிப்பது. மூஸாவின் கால் அதிலேயே போய் விழுந்தது. அவருக்குத் தெரிந்து விழுந்ததா, தெரியாமலா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. ஒரு அடி. நின்று, இன்னொரு அடி.

சீக்கிரம் போங்கண்ணே என்று கத்த வாயெடுத்தாள். பிறகு ஈர முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரை மூங்கில் தோப்புக்கு மேலே பார்த்தாள். அங்கே இன்னும் புகை எழவில்லை.