அருவிக்குள் நின்ற மாப்பிள்ளை

வாசுதேவநல்லூர் நம்பிராஜனுக்கு இருபத்து நான்கு வயது வரைக்கும் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தான். விளையாடப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்டால் சரி என்பான். போன பிள்ளைகள் அப்படியே வீட்டைப் பார்க்கப் போய்விட்டால் அதற்கும் சரிதான். எல்லாவற்றையும்விட அதிகமாக அவன் வாயில் வந்த சொல் 'சரி மாமா'.

அந்த மாமா, தாய்மாமன் சொரிமுத்து. தகப்பனில்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவர். ஜெர்மன் சண்டையின்போது மெசபடோமியா வரைக்கும் போய்விட்டு ஹவில்தாராகத் திரும்பியவர். பட்டாளத்தை அவர் விட்டுப் பதினைந்து வருஷம் ஆகியும் பட்டாளம் அவர் தொண்டையை விடவில்லை. வீட்டில் மோர் கேட்டால் குளத்துக்கு அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

முப்பத்து நாலாம் வருஷம் ஆனி மாதம், தென்காசி தளவாய் மகள் வள்ளித்தாயை நம்பிராஜனுக்குப் பேசி முடித்தவர் அவர்தான். நிச்சயத்தை வாசுதேவநல்லூரிலேயே வைத்துக்கொண்டதால் பெண் வீட்டை நம்பிராஜன் பார்த்ததில்லை. பெண்ணை மட்டும் கோயிலில் வைத்துக் காட்டினார்கள். அவள் இவனைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளை வீட்டார் தென்காசிக்கு வந்து இறங்கினார்கள். பெண் வீட்டில் பலகாரம் கொடுத்து உபசரித்த பிறகு, தளவாய் வருங்கால மருமகனைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வரிசையாகப் பதினோரு எருமைகள் கட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னார். எல்லாம் வள்ளித்தாய் வைத்த பேர்களாம். கடைசியில் நின்ற மகாராணி என்ற எருமை தலையைத் தூக்கி நம்பிராஜனைப் பார்த்தது.

சொரிமுத்து அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை இனி தென்காசியிலேயே இருக்க வேண்டும், தளவாய்க்கு ஆண்பிள்ளை இல்லை, வாத்தியார் வேலையை விட்டுவிட்டு எருமைகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று பேச்சு.

"என்னலே, சரிதானே?" என்றார்.

"சரி மாமா" என்றான் நம்பிராஜன். சொல்லிக்கொண்டே மகாராணியைக் கட்டியிருந்த கயிறு எவ்வளவு நீளம் என்று கண்ணால் அளந்தான்.

அவனுக்கு எருமை என்றால் பயம். ஏழு வயதில் யாரோ அவனைத் தூக்கி ஓர் எருமையின் முதுகில் வைத்துவிட்டார்கள். அது நேரே குளத்துக்குள் இறங்கி, நட்டநடுவில் போய் அமுங்கிக்கொண்டது. காலையில் ஏறியவன் வெயில் சாயும் வரைக்கும் அதன் முதுகிலேயே உட்கார்ந்து அழுதான். கரையில் போகிறவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பிடித்த பயம். காளையை அடக்கிய வம்சம் என்று மாமா மீசையை முறுக்குகிற வீட்டில், தண்ணீரில் படுத்துக்கிடக்கிற எருமைக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது? அவன் அம்மாவைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

மறுநாள் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. சீசன் சமயத்தில் தென்காசிக்கு வந்துவிட்டு அருவியில் குளிக்காமல் மணையில் உட்காரக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் விடிந்ததும் இரண்டு வண்டிகளில் குற்றாலத்துக்குப் போனார்கள். எட்டு மணிக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. பேரருவியில் தண்ணீர் திமுதிமுவென்று இறங்கியது. எல்லாரும் குளித்தார்கள். எல்லாரும் வெளியே வந்தார்கள். நம்பிராஜன் மட்டும் வரவில்லை.

அவன் வேண்டுமென்று திட்டம் போட்டு நிற்கவில்லை. உள்ளே நின்றபோது ஒன்றைக் கண்டுபிடித்தான். பாறைமேல் நின்ற மாமாவின் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை. அவர் குரல் எட்டாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்காத ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டியதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் முகூர்த்தமே தானாகப் போய்விடும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வந்தது. சுவரில் பல்லி ஒட்டுவதுபோலப் பாறையோடு ஒட்டிக்கொண்டான்.

கூப்பிட்டுப் பார்த்துத் தொண்டை கட்டிப்போன சொரிமுத்து, பையனைக் கையைப் பிடித்து இழுத்து வருவதென்று மறுபடியும் உள்ளே இறங்கினார். துப்பாக்கி சுமந்து தேய்ந்த வலது தோள்பட்டையில் தண்ணீர் சொத்தென்று விழுந்தது. பாக்தாது ஆஸ்பத்திரியில் தைலம் தேய்த்துப் போகாத வலி அது. அவர் கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பிறகு இழுக்கலாம் என்று நினைத்தார். அந்த நிமிஷம் முடியவே இல்லை.

எட்டரைக்குத் தென்காசியிலிருந்து பெண்ணின் சித்தப்பா மாடன் வந்து பார்த்தார். அவரும் கூட்டிவருகிறேன் என்று உள்ளே போனார். போனவர் முதுகைத் திருப்பிக்கொண்டு அருவிக்குக் காட்டியபடி நின்றுவிட்டார். ஒன்பதேகாலுக்குத் தளவாயே பதறிக்கொண்டு வந்தார். அவருக்கு நாலு வருஷமாக இடுப்பில் பிடிப்பு. பட்டு வேட்டியோடு இறங்கியவர் இடுப்பைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குக் கீழே வைத்ததும், எதற்காக வந்தோம் என்பதையே மறந்துபோனார்.

கல்யாண வீட்டில் நாயனக்காரர்கள் தெரிந்த கீர்த்தனைகளை எல்லாம் வாசித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். வள்ளித்தாய் கூறைப்புடவையைக் கட்டி, தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். அனுப்பின ஆள் ஒருத்தரும் திரும்பவில்லை. பத்து மணிக்கு அவள் எழுந்தாள்.

"இன்னும் ஆள் விட்டா அவுகளும் அங்கனயே நின்னுக்கிடுவாக. நானே போயிப் பாத்துட்டு வருதேன்" என்றாள்.

மணப்பெண் மாப்பிள்ளையைத் தேடிப் போவதா என்று அத்தை முப்பிடாதியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். ஆனால் வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்தது அவள்தான். அவளுக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது அருவிக்கரையில் கூட்டம் கூடியிருந்தது. மாப்பிள்ளை ஒருவன் மணவறைக்குப் போகாமல் உள்ளே நிற்கிறான் என்ற செய்தி செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த வண்டிக்காரர்கள் வரைக்கும் பரவிவிட்டது. வள்ளித்தாய் முதலில் தன் அப்பாவைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தூளியில் கிடக்கிற குழந்தைபோல முகத்தை வைத்திருந்தார். முப்பிடாதியம்மாள் சின்னக் கல் ஒன்றை எடுத்து வீசியதும் விழித்துக்கொண்டு, வெட்கத்தோடு கரையேறினார், மாடனும் பின்னாலேயே ஏறினார்.

வள்ளித்தாய் ஈரப்பாறையில் கால் ஊன்றி, எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போனாள். புடவை முந்தி நனைந்தது. நம்பிராஜன் உதடு நீலம் பூத்து, உள்ளங்கை பழைய சீலைபோலச் சுருங்கி நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கொஞ்சம் முன்னால் வந்தான்.

"ஏன் இப்படிச் செய்யுதீக?" என்று கத்திக் கேட்டாள்.

காலையிலிருந்து அவனிடம் எல்லாரும் வா, வா என்றுதான் கையைக் காட்டினார்கள். ஏன் என்று கேட்ட முதல் ஆள் இவள்தான். இவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. 'உங்க வீட்டு எருமையைக் கண்டா எனக்குப் பயமா இருக்கு' என்று சொன்னான். தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் காதில் கையை வைத்து என்ன என்று கேட்டாள். முழுதையும் சொல்லத் தெம்பில்லாமல், முக்கியமான சொல்லை மட்டும் அடிவயிற்றிலிருந்து எடுத்து, பதினொன்றும் கட்டியிருக்கிற தென்காசித் திசையைக் கையால் காட்டி, "எருமை, எருமை" என்று கத்தினான்.

தென்காசித் திசையில் வள்ளித்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. அந்தச் சொல் கூட்டத்தில் கடைசி ஆள் வரைக்கும் சுத்தமாகக் கேட்டது. முப்பிடாதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தளவாய் நனைந்த வேட்டியோடு பாய்ந்தார், மாடன் பிடித்துக்கொண்டார். உள்ளே நின்ற சொரிமுத்துவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் தங்களைப் பார்ப்பதைக் கண்டு, இதோ வந்துவிட்டோம் என்பதுபோல எல்லாருக்கும் கையைக் காட்டினார்.

வள்ளித்தாய் அழவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம்னு ஒரு சொல் சொல்ல விடிஞ்சதுலேருந்து தண்ணிக்குள்ள நின்னவுக, வாழ வந்தா எத்தனை நாள் எங்கன போயி நிப்பாகளோ. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் ஏறினாள்.

கல்யாணம் அத்தோடு நின்றது. முந்நூறு பேருக்கு ஆக்கிய சோறு நிற்குமா? சமையல் பார்த்த தவசுப்பிள்ளை வந்து, குழம்பு கல்யாணத்துக்காகக் காத்திருக்காது என்றார். விருந்தாளிகள் துக்க வீட்டில் உட்காருவதுபோலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார்கள். பாயசம் இரண்டாம் தரம் வேண்டும் என்பதை மட்டும் கிசுகிசுத்துக் கேட்டார்கள். வள்ளித்தாய் பூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். எருமை என்று சொன்னது அவளுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. எருமைகள்மேல் அவளுக்கு மரியாதை உண்டு. கோயிலில் பார்த்தபோது நல்ல முகமாகத் தெரிந்ததே, அந்தக் கணக்கு தப்பிப்போனதுதான் வலித்தது.

நம்பிராஜன் ஆறு நாள் காய்ச்சலில் கிடந்தான். சொரிமுத்து அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்த ஆறு நாளும் அவனுக்குக் காய்ச்சல் ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. ஏழாம் நாள் அம்மா கஞ்சி கொடுத்துக்கொண்டே, ஆயிரம் கோபம் இருந்தாலும் ஒரு பெண்ணைப் பார்த்து எருமை என்று ஏசலாமா என்று கேட்டபோதுதான் அவனுக்கு நடந்தது விளங்கிற்று. கஞ்சி அப்படியே ஆறிப்போனது.

எட்டாம் நாள் ஒருவரிடமும் சொல்லாமல் தென்காசிக்குப் பஸ் ஏறினான். தளவாய் வீட்டுத் தெருவுக்கு வந்தவன் வாசலுக்குப் போக முடியாமல் நின்றான். மேய்ச்சலுக்குப் போகப் புறப்பட்ட இரண்டு எருமைகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. எதிர்வீட்டுச் சுவரோடு சுவராக அவன் நிற்பதைக் கண்டு வள்ளித்தாய் கையில் கம்போடு வெளியே வந்தாள்.

"இன்னும் ஏசுததுக்குப் பாக்கி இருக்கோ?"

"உங்களை ஏசல. எருமைக்குப் பயம்னு சொன்னேன். தண்ணி பாதியை முழுங்கிட்டுது."

அவள் அவனையும் எருமைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எருமை ஒன்று தலையை ஆட்டியதும் அவன் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான். குளத்து நடுவில் உட்கார்ந்து அழுத கதையையும், மாமாவிடம் முடியாது என்று சொல்ல வாய் வராததையும் சொன்னான். அவள் முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பிறகு முடியாமல் அப்படியே தெருவில் குந்திவிட்டாள். எருமை ஒன்று அவள் தலையை முகர்ந்து பார்த்தது. நம்பிராஜன் இன்னும் இரண்டடி பின்னால் போனான்.

மன்னிப்புக் கேட்டுப் போகத்தான் வந்ததாகச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எருமைக்குப் பயப்படுதது ஒரு குத்தமில்ல. மாமாவுக்குப் பயந்து தண்ணிக்குள்ள ஒளிஞ்சீக பாருங்க, அதுதான் குத்தம். அவுககிட்ட ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க. பொறவு பாப்போம்."

நம்பிராஜன் ஊருக்குத் திரும்பினான். சொல்வதற்குத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் மாமா பேச ஆரம்பித்ததும், கடலைக்குக் களை எடுக்கப் போகிறாயா என்று கேட்டதற்குச் சரி மாமா என்றான். இன்னும் இரண்டு சோறு வைக்கவா என்றதற்கும் சரி மாமா. வயிறு வலித்ததுதான் மிச்சம். ஆடி பிறந்து பாதி மாதம் இப்படியே போயிற்று.

எருமைப் பயத்தைத் தங்கை சொல்லித் தெரிந்துகொண்ட சொரிமுத்து ஒரு நாள் உற்சாகமாக வந்தார். சிவகிரியில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். அப்பா வக்கீல் குமாஸ்தா. வீட்டில் மாடு கன்று ஒன்றும் கிடையாது, ஒரு கோழிகூடக் கிடையாது. பையனை மறுபேச்சுப் பேசாமல் புறப்படச் சொன்னார். எருமையே இல்லாத வீட்டை நம்பிராஜன் ஒரு கணம் மனதுக்குள் பார்த்தான். அங்கே தெருவில் குந்திச் சிரிக்கிற ஆளும் இல்லை.

"முடியாது மாமா" என்றான்.

"என்னலே சொன்ன?"

"முடியாதுன்னு சொன்னேன் மாமா. எனக்குத் தென்காசிப் பொண்ணுதான் வேணும்."

சொரிமுத்து அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் திரும்பி, வாழ்நாளில் அவர் பேசியிராத அளவுக்குத் தணிந்த குரலில், "இவனுக்கு இன்னும் காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டார்.

தளவாய்தான் லேசில் இறங்கி வரவில்லை. ஏச்சு வாங்கியவளே ஏசவில்லை என்கிறபோது நீங்கள் எதற்குக் கோபப்படுகிறீர்கள் என்று வள்ளித்தாய் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளையை வரச் சொன்னார். நம்பிராஜன் அவரிடமும் ஒரு முடியாது சொன்னான். வாத்தியார் வேலையை விடமாட்டான், எருமை இருக்கிற வீட்டில் குடியிருக்கமாட்டான். ஒருமுறை வாய் பழகிவிட்டதால் இது சுலபமாக வந்தது.

ஆவணியில் தாலி கட்டினான். சொரிமுத்து முன்வரிசையில் உட்கார்ந்து, இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது தான்தான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யும் இல்லை.

நம்பிராஜன் தென்காசிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றல் வாங்கினான். தளவாய் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்தார்கள். காலையில் வள்ளித்தாய் அங்கே போய்ப் பால் கறந்து, செம்பு நிறைய எடுத்துக்கொண்டு வருவாள். அதற்குள் இவன் அடுப்பைப் பற்றவைத்து, காப்பிக்கு டிக்காஷன் இறக்கி வைத்திருப்பான்.