இருபது ஆம்பியர்

கிமியே ஸ்டூல் மேல் ஏறி நிற்கும்போதுதான் இவாவோ அடிப்பான். மற்ற நேரங்களில் அடித்தால் அவள் கைகளால் முகத்தையும் விலாவையும் மறைத்துக்கொள்வாள். மின்சாரம் நின்றதும், அடுப்படியை ஒட்டிய குளியலறைக் கதவுக்கு மேலே இருந்த மின்பெட்டியின் விசையைத் தள்ள வேண்டுமென்றால் இரண்டு கையும் உயரே போயாக வேண்டும். விலா திறந்து கிடக்கும். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

மின்சாரக் கம்பெனியோடு வீட்டுக்கு முப்பது ஆம்பியர் ஒப்பந்தம்; அதைத் தாண்டி இழுத்தால் விசை விழுந்துவிடும். அடியில் மின்சாரச் சூடு வைத்த தாழ்வான மேஜையின் போர்வைக்குள் காலை நீட்டி, பக்கத்தில் ஹீட்டரையும் போட்டுக்கொண்டு அவன் டிவி பார்ப்பான். அடுப்படியில் அவள் சோற்றுக் குக்கரும் மைக்ரோவேவும் சேர்ந்தாற்போல் போட்டால் மின்சாரம் நின்றுவிடும். வட ஜப்பானின் மொரியோகாவில் மற்ற வீடுகளில், "சோறு வைக்கிறேன், ஹீட்டர அணை" என்று குரல் கொடுத்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் குரல் கொடுத்தாலும் உதை, கொடுக்காமல் இருட்டானாலும் உதை. போன குளிர்காலத்தில் இரண்டு விலா எலும்பு முறிந்தது. டாக்டரிடம் பனியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

வேலையிடத்தில் எல்லாரும் மின்சாரக் கம்பெனியை மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டு, இவாவோ அவளையும் பார்க்கச் சொன்னான். பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன், செல்போனில் எழுத்துத் தட்டப் பொறுமை கிடையாது. அவள் ஒவ்வொரு கம்பெனியாகப் பொறுமையாகப் பார்த்தாள். இனிமேல் இருட்டே வராத வீடு ஒன்று வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"இந்தக் கம்பெனில யூனிட் வெல கம்மிங்க. இன்னொண்ணு சந்தை வெலையோட ஏறி எறங்குமாம், பனி கொட்டுற மாசத்துல நம்மள மொட்டையடிச்சிடும். இதுலயே நாப்பது ஆம்பியர் எடுத்துக்கலாம். கட் ஆகவே ஆகாது."

"இருபது எடுத்தா?"

"மாசாமாசம் கட்டுற அடிப்படைத் தொகை பாதிதான். ஆனா நீங்க ஹீட்டர் போட்டிருக்கப்ப மைக்ரோவேவ் போட்டாலே இருட்டாயிடும்."

"அப்ப இருபது போடு."

"என்னங்க, நான் எதையுமே கேட்டதில்ல. இது ஒண்ணு மட்டும்..."

தேநீர்க் கோப்பை அவள் நெற்றியில் பட்டு உடைந்தது.

"மகாராணிக்கு நாப்பது கேக்குதோ? இருட்டானா ஏறித் தள்ளு. ஒனக்கு வேற என்ன வேல?"

நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டே கம்பெனிக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"இருபதா மேடம்? மொரியோகா குளிருக்கா?"

"எங்க வீட்டுக்காரர் முடிவு பண்ணிட்டார். கட் ஆனா முன்ன மாதிரியே ஏறித் தள்ளணுமா?"

"வேணாம் மேடம். மீட்டர மாத்திடுவாங்க, பழைய விசையே இருக்காது. ஒரு பத்து செகண்டுல தானா வந்துடும்."

"தானாவா?"

"தானாத்தான். நீங்க நின்ன எடத்துலயே நிக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கிமியே பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இவாவோவிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் ஆள் வந்து மீட்டரை மாற்றிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம், வெளியே நன்றாக இருட்டிய பிறகு, இவாவோ ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, டிவியில் சுமோ மல்யுத்தத்தின் கடைசிப் போட்டி தொடங்கியது. கிமியே அடுப்பிலிருந்த இரும்புக் கெட்டிலை எடுத்து வெந்நீரைத் தொட்டியில் கொட்டினாள். அவன்மேல் வெந்நீர் ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை. இரும்பே போதும் என்று நினைத்தாள். பிறகு, தெரிந்தேதான், மைக்ரோவேவைப் போட்டாள்.

வீடு இருண்டது.

"ஏய், போய்த் தள்ளுடி. மல்லன் இப்பத்தான் எறங்குனான்."

அவள் ஏறவில்லை. ஸ்டூலைக் காலால் அழுத்தினாள், அது வழக்கம்போல் கிறீச்சிட்டது. சத்தம் வந்த திசைக்கு இவாவோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தான். விலா இருக்க வேண்டிய உயரத்துக்கு முழு பலத்தோடு குத்தினான். அங்கே கதவு நிலைதான் இருந்தது. விரல் எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. அலறிக்கொண்டு ஸ்டூலில் தடுக்கி முகம் தரையில் மோத விழுந்தான். அவள் கெட்டிலை இரண்டு கையாலும் தூக்கி அவன் தோளில் இறக்கினாள். பிறகு முழங்காலில். எழுந்திருக்கப் பார்த்தான், மறுபடி முழங்காலில். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, கை மட்டும் நிற்கவில்லை.

விளக்கு தானாக எரிந்தது. ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது.

இவாவோ வாயில் ரத்தத்தோடு கிடந்தான். ஸ்டூலைப் பார்த்தான், மேலே மின்பெட்டியைப் பார்த்தான்.

"யாருடி தள்ளுனா?"

"யாரும் தள்ளல."

நல்ல கையை நீட்டி அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். விரல்கள் எலும்பில் பதிந்தன. கிமியே குனியவில்லை. பக்கத்து மேடையிலிருந்த மைக்ரோவேவின் பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

"மறுபடி இருட்டாக்கட்டுமா?"

அவன் அந்த விரலையும், அவள் இன்னொரு கையில் தொங்கிய கெட்டிலையும் பார்த்தான். பிடி மெதுவாகத் தளர்ந்தது.

அவள் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினாள். வாசலில் உட்கார்ந்து பனிக்கால பூட்ஸை அவசரமில்லாமல் போட்டுக்கொண்டாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"நான் நாப்பதுதான் கேட்டேன், இவாவோ."