படத்தில் இருக்கிற குடும்பம்

எல்லாம் மூத்தவள் போட்ட திட்டம்தான். பின்னால் யாரையும் நொந்துகொள்ள வழியில்லாமல், ஒன்றுவிடாமல் அவளே செய்து வைத்திருந்தாள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

ஊருக்கு மேலே அருவி காலங்காலமாக விழுந்துகொண்டுதான் இருந்தது. யாரும் சீண்டவில்லை. பக்கத்து நகரத்தில் விமான நிலையம் வந்த பிறகு அதற்குத் திடீர் மவுசு. ஓட்டல் கட்டும் அளவுக்கு ஊரில் யாருக்கும் வசதி கிடையாது. அதனால் சுற்றுலாத் துறை 'குடும்பத்தோடு தங்கலாம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீட்டில் இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தால் போதும். விருந்தாளி குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவார், குழந்தையோடு விளையாடுவார், போகும்போது போனில் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதிவிட்டுப் போவார். கரண்ட் நாளுக்கு நாலு தடவை போகும். குழாயில் தண்ணீர் சொட்டும். ரோட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. இத்தனையையும் சரிக்கட்ட ஊர்க்காரர்களிடம் இருந்த ஒரே சரக்கு சிரிப்பு.

மூத்தவள் அந்தச் சரக்கை நன்றாகவே விற்றாள். புருஷன் பிறவி உம்மணாமூஞ்சி. அவனையே கண்ணாடி முன் நிறுத்திச் சிரிக்கப் பழக்கினாள். ஆறு வயது மகள் குட்டிக்கு ஒரே பாடம்தான்.

"விருந்தாளி வீட்ல இருக்கறவரைக்கும் நான் என்ன சொல்றேனோ அதுதான் நிஜம். அழக்கூடாது, அடம்பிடிக்கக்கூடாது. புரிஞ்சுதா?"

புரியாத நாட்களில் தொடையில் ஒரு கிள்ளு விழும். குழந்தை சீக்கிரமே புரிந்துகொண்டது.

சீசன் தொடங்கும் நேரத்தில் மூத்தவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆபரேஷன், அதற்குப் பிறகு இரண்டு மாதம் அம்மா வீட்டில் படுக்கை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்பதிவு செய்தவர்களிடம் வராதீர்கள் என்று சொன்னால் வீட்டின் பெயர் துறையின் பட்டியலில் அடிமட்டத்துக்குப் போய்விடும். அம்மா இல்லாத வீட்டைக் குடும்பம் என்று காட்டவும் முடியாது. மூத்தவள் ஒரு ராத்திரி யோசித்தாள். புருஷன் விட்டுப்போய் அம்மா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த தங்கையை வரவழைத்தாள்.

"ரெண்டே மாசம்டி. வர்றவங்களுக்கு நீதான் வீட்டு அம்மா. மத்தபடி நீ யாரோ, அவர் யாரோ."

"போக்கா, மாமா பக்கத்துல நின்னா எனக்குச் சிரிப்பு வரும்."

"வரட்டும். அதுதானே வேணும்."

படம் எடுக்க இளையவளைத் தன் புருஷன் பக்கத்தில் நிறுத்தியது மூத்தவள்தான். "தள்ளி நின்னா குடும்பம் மாதிரியா இருக்கு? தோள்ல கை போடுங்க" என்று அதட்டியதும் அவள்தான். ஒன்பது வருடத்தில் தன் தோளில் ஒரு தடவைகூட விழாத கை அது. அன்றைக்கு அவள் அதைக் கவனிக்கவில்லை. வருகிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று, போனில் துறைப் பட்டியலில் இருந்த தன் படங்களைத் தன் விரலாலேயே ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, புதுப் படங்களை ஏற்றினாள். குட்டியிடம், "சித்தியை அம்மான்னு கூப்பிடணும்" என்றாள். பழக்கதோஷத்தில் ஒரு கிள்ளும் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

இளையவளுக்குச் சிரிக்கப் பாடம் தேவைப்படவில்லை. கரண்ட் போனால் கைகொட்டிச் சிரித்தாள். தண்ணீர் நின்றால் தங்க வந்த வெள்ளைக்காரி கையில் ஒரு குடத்தைக் கொடுத்து, "வா, தெருக்குழாய்க்குப் போகலாம்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் இழுத்துக்கொண்டு போனாள். அதற்கும் ஐந்து நட்சத்திரம். 'இந்த வீட்டு அம்மா சிரித்தால் விளக்கே வேண்டாம்' என்று ஒருத்தன் எழுதினான். மூத்தவள் இருந்த மூன்று வருடத்தில் அப்படி ஒரு வரி வந்ததே இல்லை. 'சுத்தமான வீடு' என்பதோடு அவளுடைய புகழ் முடிந்துவிட்டது.

தையல் பிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வீடு திரும்பியபோது, பட்டியலில் வீடு முதலிடத்தில் இருந்தது. அதே வாரம் துறையிலிருந்து கடிதம் வந்திருந்தது. 'சிறந்த குடும்பம்' சான்றிதழுக்கு வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நேரில் பார்க்க அதிகாரி வருகிறார். சான்றிதழ் கிடைத்தால் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களை நேராக இங்கேதான் அனுப்புவார்கள்.

"கோப்புல அவ படம்தான் இருக்கு" என்றான் புருஷன், தரையைப் பார்த்தபடி. "ஆள் மாறியிருந்தா மோசடின்னு உரிமத்தையே பிடுங்கிடுவாங்க. ஒரே ஒரு நாள். நீ சமையல்காரியா நில்லு."

"ஒரே நாள்தானே" என்றாள் மூத்தவள். குட்டிக்கும் ஒரு கிள்ளோடு பாடம் சொல்லிவைத்தாள். தன் இடம் எங்கேயும் போய்விடாது என்றுதான் அவள் உறுதியாக நம்பினாள்.

அதிகாரி வந்தார். படங்களை எடுத்து வைத்துக்கொண்டு முகங்களை ஒப்பிட்டார். புருஷன் சரி, இளையவள் சரி, அவள் மடியில் குட்டி சரி.

"அந்தம்மா யாரு?"

குட்டிதான் பளிச்சென்று சொன்னது: "சமையல்கார அக்கா."

அதிகாரி சிரித்தார். "சமத்துக் குழந்தை. வேலைக்காரங்களையும் அக்கான்னு கூப்பிடுது, எழுதிக்கோங்க" என்று உதவியாளரிடம் சொன்னார். பிறகு விதிகளைப் படித்தார். சான்றிதழ் மூன்று வருடத்துக்கு. அதுவரை குடும்பத்தில் ஆள் மாறக்கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வேண்டுமானாலும் சோதனைக்கு வருவார்கள். வேலையாள் குடும்பத்தின் அறையில் தங்கக்கூடாது.

"இவங்க எங்க படுக்கறாங்க?"

"பின்னாடி சாமான் ரூம்லங்க" என்றான் புருஷன். அவ்வளவு வேகமாக அவன் எதற்கும் பதில் சொல்லி அவள் கேட்டதில்லை.

'பணியாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அப்போதே கத்தியிருக்கலாம். கத்தினால் சான்றிதழ் போகும், உரிமம் போகும், தன் கையால் கட்டிய தொழில் போகும். மூத்தவள் போட்டாள். அவளுக்கு வயிறு எரிந்தது. தையல் போட்ட இடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் வாரம் புருஷன் கூடத்தில்தான் படுத்தான். இரண்டாவது வாரம், திடீரென்று சோதனைக்கு வந்தால் என்ன செய்வது என்று அவனுக்குக் கவலை வந்துவிட்டது. மூன்றாவது வாரம் கூடத்தில் அவன் தலையணை இல்லை. மூத்தவள் தங்கையைக் கொல்லையில் பிடித்தாள்.

"என்னடி இது?"

"நீதானேக்கா நிக்க வெச்ச?" இளையவள் முகத்தில் சிரிப்பில்லை. "ஒருத்தன் விட்டுட்டுப் போனவளை ரெண்டு மாசம் பொண்டாட்டியா நடிக்கச் சொன்ன. மறுபடியும் யாருமில்லாதவளாப் போய் உட்காருன்னு இப்பச் சொல்ற. நான் போகமாட்டேன். வேணும்னா அதிகாரிகிட்ட போய்ச் சொல்லு."

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். இங்கே ஊர்ப் பிடாரியே வண்டி வைத்து அழைத்து வந்திருந்தது. யாரிடம் போய் முறையிடுவது?

சரி, புருஷன் போனால் போகிறான், குழந்தை இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். விருந்தாளி இல்லாத நாளில் குட்டியை மடியில் போட்டுத் தலைவாரி, எல்லாவற்றையும் சொல்லி, அம்மா என்று கூப்பிட வைத்துவிடலாம். ஆனால் சான்றிதழ் வந்த பிறகு விருந்தாளி இல்லாத நாளே இல்லை. ஒருவர் பெட்டியை எடுக்கும் முன் அடுத்தவர் பெட்டி வாசலில் இறங்கியது.

ஒரு சாயங்காலம் வெளியே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குட்டி சமையலறைக்குள் ஓடி வந்தது.

"அம்மா நாலு டீ கேட்டாங்க."

மூத்தவள் கதவைச் சாத்தினாள். குழந்தையின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "குட்டி, இங்க யாருமில்ல. விருந்தாளி கிடையாது, அதிகாரி கிடையாது. இப்ப நிஜத்தைச் சொல்லலாம். நான் யாரு?"

குழந்தை அவள் கைகளைப் பார்த்தது. மெல்ல ஒரு அடி பின்வாங்கி, பாவாடையைத் தொடையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"சமையல்கார அக்கா" என்றது. "சரியாச் சொல்லிட்டேன். கிள்ளாதீங்க."