பன்னிரண்டு சொல்லுக்குள்

எங்கள் கம்பெனியில் இயந்திரக் கையேடுகளைத் திருத்தி மார்க் போடுவது என் வேலை. எழுத்துப்பிழைக்கு ஒன்று குறையும். பன்னிரண்டு சொல்லைத் தாண்டும் வாக்கியத்துக்கு இரண்டு. படித்தவனுக்குப் புரிந்ததா என்று கேட்கும் கட்டம் மட்டும் அந்தத் தாளில் கிடையாது. எனக்கும் அது உறைத்ததில்லை.

ஆஸ்பத்திரிக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் புது இயந்திரம் ஒன்று. அதன் கையேட்டில் ஒரு வாக்கியம் இடித்தது: "நீராவி முழுவதும் வெளியேறி, மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றதை உறுதி செய்துகொண்ட பிறகே கதவின் கைப்பிடியைத் திருப்பவும்." பதினான்கு சொல். இரண்டாக வெட்டினேன். "கதவின் கைப்பிடியைத் திருப்பவும். அதற்கு முன் நீராவி முழுவதும் வெளியேறி, முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்." மார்க் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. முதல் வாக்கியம் பக்கத்தின் கடைசி வரியானது, அடுத்தது மறுபக்கத்துக்குப் போனது. அதற்கெல்லாம் மார்க் குறைவதில்லை.

அந்த இயந்திரம் என் தம்பி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே போனது. கையேட்டை விரித்து வைத்து, வரி வரியாகப் படித்துச் செய்கிறவன் அவன். கடைசி வரியைப் படித்தான், கைப்பிடியைத் திருப்பினான். வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

விசாரணை வந்தது. கையேட்டை மறுபடி அளந்து, அதில் குறை இல்லை, இயக்கியவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. எழுதினால் தம்பிக்கு வேலை போகும், எழுதாவிட்டால் எனக்கு. வெட்கங்கெட்டு அளந்தும் பார்த்தேன். அதே தொண்ணூற்றெட்டு.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான்.

"தப்பு என்மேலதான்க்கா. பக்கத்தைத் திருப்பிப் பாத்திருக்கணும். நீ மார்க் போட்ட புத்தகமாச்சேன்னு நம்பிட்டேன்."

வெட்டியது நான்தான் என்று சொன்னேன். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குடிக்கத் தண்ணீர்தான் கேட்டான்.

மறுநாள் மேனேஜரிடம் கடிதம் கொடுத்தேன். ஒரே வாக்கியம்: "ஒன்றாக இருந்த எச்சரிக்கையை மார்க்குக்காக நான் இரண்டாக வெட்டியதால், அதன் பாதி மறுபக்கத்துக்குப் போய், கையேட்டில் சொன்னபடியே செய்த என் தம்பியின் கை வெந்துபோனது."

அவர் புருவத்தைச் சுருக்கினார். பழக்கதோஷம், பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லாகத் தொட ஆரம்பித்தார்.

"எண்ணாதீங்க சார்," என்றேன். "படிங்க."