வலது காது

நாற்பத்திரண்டு வயதில் யாரும் பெரியப்பா ஆகிவிடுவதில்லை. ஆனால் சுற்றியிருக்கிற விமானிகள் எல்லாம் இருபத்தாறு, இருபத்தேழு என்று துள்ளிக்கொண்டு திரிகிற இடத்தில், காதோரம் நாலு நரை தெரிந்தால் போதும், அந்தப் பேர் வந்து ஒட்டிக்கொள்ளும். ராணுவச் சரக்கு விமானம் ஓட்டுகிற அந்தப் படைப்பிரிவில் அவரோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று பயணிகள் விமானக் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். பெரியப்பா மட்டும் இதோ போகிறேன், அதோ போகிறேன் என்று ஆறு வருஷமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

இழுத்தடிப்பில் அடிபட்டது அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினேழு வருஷத்தில் ஏழு வீடு, ஏழு பள்ளிக்கூடம். ஒவ்வொரு இடத்திலும் நேற்றுச் சேர்ந்தவள் போலக் கடைசி நாற்காலி. மகள் ஆறு பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். தோழிகளின் பேரைச் சொல்லும்போது எந்த ஊர்த் தோழி என்று அவளே குழம்பினாள். முப்பத்தாறு வயதில் வெளியே வந்துவிடுகிறேன் என்று பெரியப்பா வாக்குக் கொடுத்தார். அப்புறம் முப்பத்தெட்டு, அப்புறம் நாற்பது. வாக்குக் கொடுப்பதில் மனிதர் வஞ்சனை வைத்ததே இல்லை.

கூடப் படித்த நண்பன் ஒருவன் கம்பெனியில் கேப்டனாகியிருந்தான். வாரம் தவறாமல் போன் போட்டு உசுப்புவான்.

"மாப்ளே, இங்க எல்லாம் சேர்ற தேதிதான்டா. ஒரு நாள் பிந்தினா ஆயுசு பூரா ஒரு ஆளுக்குப் பின்னாடி நிக்கணும். உன் வயசுக்கு இதுதான் கடைசி வண்டி. அங்க உக்காந்து என்னத்தைடா காவல் காக்குற?"

இந்தத் தடவை பெரியப்பா உண்மையாகவே கிளம்பிவிட்டார். காரணம் நண்பன் இல்லை, காது.

எட்டு வருஷமாக அவர் பயிற்றுநர். பயிற்றுநர் உட்காருவது வலது இருக்கை. வலது காதுக்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நாலு எட்டில் எஞ்சின். மெல்ல மெல்ல அந்தக் காதில் மகளின் கொலுசுச் சத்தம் போயிற்று, அடுப்படியில் குக்கர் விசில் போயிற்று. படையின் டாக்டரிடம் சொன்னால் அன்றைக்கே விமானத்திலிருந்து இறக்கி மேசைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் எந்த விமானியும் டாக்டரிடம் வாயைத் திறக்கமாட்டான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செருப்பும் பழைய சட்டையுமாக, தெரிந்த முகம் எதுவும் இல்லாத ஊரில் ஒரு காது டாக்டரைத் தேடிப் போனார்.

"என்ன வேலை?" என்றார் டாக்டர்.

"வண்டி ஓட்டுறேங்க."

டாக்டர் பரிசோதனைத் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எவ்வளவு பெரிய வண்டி?"

"கொஞ்சம் பெருசு."

"பறக்குமா?"

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. தாளில் சரிந்து இறங்குகிற கோட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "விளிம்புல நிக்கிறீங்க. இன்னைக்கே அந்த இரைச்சலை விட்டீங்கன்னா, பயணிகள் விமானத்துக்குத் தேறிடுவீங்க. இன்னும் அஞ்சாறு மாசம் அதுலயே உக்காந்தா நான் எதுக்கும் உத்தரவாதம் இல்ல."

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படைத்தலைவர் அறைக்குப் போனார். இவர் வாயைத் திறப்பதற்குள் அவர் பிடித்துக்கொண்டார்.

"வாய்யா, உன்னைத்தான் நெனச்சேன். இந்த வருஷம் மூணு பேர் போயிட்டானுங்க. ரெண்டு பசங்களைக் கேப்டனாக்கணும், சொல்லிக்குடுக்க உன்னை விட்டா யாரு இருக்கா? ஆறு மாசம். ஆறே மாசம். அப்புறம் நானே உன் பேப்பரைத் தூக்கிட்டு மேல ஓடுறேன்."

"சரி சார்" என்றார் பெரியப்பா. யோசித்துச் சொன்னது என்று சொல்ல முடியாது. கடிதம் நெஞ்சின் மேல் மொடமொடவென்று குத்திக்கொண்டிருந்தது. வெளியே வந்து ஓடுபாதையைப் பார்த்தபோது அவருக்கு அழுகை வரவில்லை. பரீட்சை தள்ளிப்போன பையனின் சந்தோஷம்தான் வந்தது. அதற்காகப் பின்னால் தன்னைத் தானே எவ்வளவோ திட்டிக்கொண்டார். ஆனால் அன்றைக்கு வந்தது சந்தோஷம்தான்.

வீட்டில் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"குடுத்தாச்சா?"

"தலைவர் கையைப் பிடிச்சிக்கிட்டாரும்மா. ஆறு மாசம் கேக்குறார்."

"பிடிச்சா உதற முடியாதா? என்கிட்ட மட்டும் நல்லா உதறுவீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காது டாக்டரைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "சரி, ஆறு மாசம். உங்களுக்காக இல்ல, அவருக்கு வேற ஆள் இல்லன்னு சொல்றதால. ஏழாவது மாசம் நீங்க வந்தாலும் வராட்டியும் நானும் என் பொண்ணும் பெட்டியைத் தூக்கிடுவோம்."

அந்த ஆறு மாதமும் பெரியப்பா பறந்த பறப்பு இருக்கிறதே, இருபது வருஷத்தில் அப்படிப் பறந்ததில்லை. இரண்டு இளம் விமானிகளையும் குட்டையான ஓடுபாதைகளில் இறக்கி, மழையில் ஏற்றி, ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லி, படாத பாடு படுத்தினார். இறங்கி நடக்கும்போது அவர்கள் முணுமுணுத்துத் திட்டியதெல்லாம் வலது பக்கம் வழியாக வந்ததால் அவருக்கு விழவே இல்லை.

நடுவில் வருஷாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தது. அதற்கு அவர் அசரவில்லை. காதுச் சோதனையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டுவார்கள். வெளியே மருத்துவ உதவியாளர் ஒலியை அனுப்புவார். கேட்டதும் இவர் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். அந்த உதவியாளருக்கு ஒரு பழக்கம். ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே சரியாக மூன்று எண்ணுகிற இடைவெளி விடுவார், கடிகாரம் தோற்கும். பெரியப்பா அதை மூன்று வருஷம் முன்பே கண்டுபிடித்துவிட்டார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் மூன்று எண்ணி அமுக்குவார். 'இரண்டு காதும் நன்று' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கூண்டை விட்டு வெளியே வருவார்.

ஆறு மாதம் முடிந்தது. படைத்தலைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டே மாதத்தில் விடுவிப்பு உத்தரவு வந்துவிட்டது. அது கையில் இருந்தால்தான் கம்பெனி மருத்துவச் சோதனைக்கே கூப்பிடும். கிளம்புகிறவன் நூலகம், உணவகம், பாராசூட் அறை, மருத்துவ அறை என்று படி ஏறி இறங்கி ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். மருத்துவ அறையில் அந்த உதவியாளர்தான் இருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார், ஒண்ணு சொல்லணும். போற இடத்துல மெஷின் தானா ஒலி அனுப்பும். இடைவெளி முன்னே பின்னே இருக்கும். பார்த்துக்குங்க."

தாளுக்காக நீட்டியிருந்த கையைப் பெரியப்பா இழுத்துக்கொண்டார். "என்ன சொல்றீங்க?"

"மத்தவங்களுக்கெல்லாம் நானும் மாத்தி மாத்தித்தான் அமுக்குவேன். மூணு வருஷம் முன்னாடி உங்களுக்கு வலது பக்கம் சில ஒலி கேக்கலைன்னு தெரிஞ்சிது. எழுதினா உங்களை இறக்கிடுவாங்க. இறங்கினவங்க மூஞ்சியை இந்த ரூம்ல எத்தனையோ பார்த்துட்டேன் சார். அதான் உங்களுக்கு மட்டும் எண்ணி எண்ணி அமுக்கினேன்."

அவர் கண்ணில் துளிக் கள்ளம் இல்லை. நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அவர் கையைக் குலுக்கி நன்றி என்றார். வேறு என்னதான் சொல்வது? அன்றைக்கே எழுதியிருந்தால் சிகிச்சை பார்த்திருப்பார்கள், இரைச்சலிலிருந்து விலக்கி வைத்திருப்பார்கள், ஓய்வூதியத்தோடு காதுக்கென்று ஏதாவது சேர்த்தும் கொடுத்திருப்பார்கள். இப்போது அவருடைய கோப்பில் ஊனம் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

கம்பெனி இருக்கிற நகரத்தில் மனைவி மூன்றாவது மாடியில் வீடு பிடித்திருந்தாள். அவளுக்கும் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. ஏழு வீட்டிலும் முந்தின வீட்டுத் திரைச்சீலையைத்தான் மாட்டினார்கள், ஒன்று முழங்கால் தெரியும், இல்லாவிட்டால் தரையைப் பெருக்கும். இந்த வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைக்கப்போகிறேன் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியின் மருத்துவச் சோதனை புதன்கிழமை காலை. கூண்டு பளபளவென்று இருந்தது. பெரியப்பா ஹெட்போனை மாட்டினார். இடது காது ஒரு தொந்தரவும் செய்யவில்லை. வலது காதுக்கு மாறியதும் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை. பழக்கதோஷத்தில் மூன்று எண்ணி அமுக்கினார். மறுபடி எண்ணி அமுக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். ஒலி வராதபோதெல்லாம் இவர் அமுக்கிக்கொண்டிருந்தார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. பெரியப்பா பொத்தானை மடியில் வைத்துவிட்டார்.

"உங்க பழைய கோப்புல அஞ்சு மாசம் முன்னாடி கூட ரெண்டு காதும் நல்லா இருந்திருக்கு" என்றாள் டாக்டர். "திடீர்னு இவ்வளவு போகாதே. அந்த டெஸ்ட்டை யார் எடுத்தாங்க?"

ஒரு பேரைச் சொன்னால் போதும், ஒரு உதவியாளரின் வேலை போய்விடும். "மெஷின் பழசுங்க" என்றார் பெரியப்பா.

டாக்டர் எழுதினாள். தகுதியில்லை என்பதை மிருதுவாகத்தான் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டாள். பேருந்தில் வரும்போது வீட்டில் சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்தார். இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது, இடி விழுந்த மாதிரி இருக்கிறது. நல்ல பொய், எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை.

மனைவி கூடத்து ஜன்னலருகே நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். "வந்துட்டீங்களா? இந்த டேப்போட முனையைக் கீழ பிடிங்க."

அவர் குனிந்து பிடித்தார். பிடித்தபடியே சொன்னார். "எடுக்கலைம்மா. காது போயிடுச்சாம்."

டேப் ஆடாமல் நின்றது. "எந்தக் காது?"

"வலது."

"எப்பத் தெரியும்?"

தயார் செய்த பொய் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் இறங்கி வந்து அவரைத் தேற்றியிருப்பாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தேற்றுவதை வாங்கிக்கொள்ள முடியும் என்று தோன்றவில்லை.

"கொஞ்சம் மந்தம்னு முன்னாடியே தெரியும். டாக்டர்கிட்ட போனது, தலைவர் ஆறு மாசம் கேட்டாரே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. உடனே விட்டுடுங்க, இல்லன்னா போயிடும்னு டாக்டர் சொன்னார்."

"தெரிஞ்சேதான் சரின்னு சொன்னீங்களா?"

"அவர் கேக்க மாட்டாரான்னு இருந்துச்சும்மா. அவர் கேக்கலைன்னா நானே ஏதாவது சாக்கு தேடியிருப்பேன். என்னால அதை விட்டு இறங்க முடியல."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். டேப்பை விரலில் சுற்றி முடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, எழுந்து சுற்றிப் போய் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். காதோடு வாயை வைத்துக் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தாள்.

அவருக்கு மூச்சின் சூடுதான் பட்டது. சொற்கள் வரவில்லை. அவள் அழுகிறாளா திட்டுகிறாளா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. நல்ல காதைக் காட்டத் தலையைத் திருப்பினார். அவள் அவர் கன்னத்தில் கை வைத்து முகத்தை இருந்த இடத்திலேயே நிறுத்தினாள். பதினேழு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்தக் காதில் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.