முகாம் குழாய்

பேரனுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. "அடிபம்புத் தண்ணிய இனிமே பிள்ளை கண்ணுலயே காட்டாதீங்க. முகாம்ல வடிகட்டின தண்ணி வருதே, அதைப் பிடிச்சுக் காய்ச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். சொல்வது அவளுக்குச் சுலபம். தையல்காரி காலிக் குடத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகளும் அவளும் மாறி மாறிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததில் தூங்கி நாளாயிற்று. எழுந்திருக்கவே உடம்பு மறுத்தது.

சண்டைக்குத் தப்பி ஓடி வந்து முகாமில் தங்கியவர்களை ஊர் முதலில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. இவளே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி ஊர் அடிபம்பு இருமத் தொடங்கியதும் எல்லாம் மாறிப்போயிற்று. கைப்பிடிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியது இவள் புருஷன்தான். வெறுங்குடத்தோடு திரும்பிப் போனவர்களை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஏதோ தொண்டு நிறுவனம் முகாமுக்குள் ஆழமாகக் குழாய்க்கிணறு போட்டு, வடிகட்டித் தொட்டியும் கட்டிக் கொடுத்தது. ஊர்க்காரர்களும் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

"அங்க போய் நிக்கப்போறியா? மானம் போயிடும்டி" என்றான் புருஷன்.

"மானத்தைக் காய்ச்சிப் புட்டியில ஊத்தச் சொல்றீங்களா?" என்று குடத்தை எடுத்துக்கொண்டாள்.

முகாம் குழாயடியில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவள் அன்றைக்கு வெறுங்குடத்தோடு போனவர்களில் ஒருத்தி. பார்த்ததுமே இருவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கடைசில போய் நில்லுங்கக்கா" என்றாள் அவள், எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்.

வெயில் ஏறியது. இவள் முறை வருவதற்குள் குழாய் காற்றைத் துப்பிவிட்டு ஓய்ந்தது.

"தொட்டி காலி. இனி சாயங்காலம்தான்."

வரிசை முனகிக்கொண்டே கலைந்தது. இவளுக்குக் கால் நகரவில்லை.

"வீட்ல யாருக்கு முடியல?" என்று கேட்டாள் முகாம்காரி.

"பேரனுக்கு. கைக்குழந்தை."

அவள் பெருமூச்சு விட்டு, முன்பே பிடித்து வைத்திருந்த தன் குடத்தை இவள் குடத்தில் சாய்த்தாள். பாதியானதும் நிமிர்த்திக்கொண்டாள். "எங்க கூடாரத்துலயும் பிள்ளைங்க இருக்கு."

"அன்னிக்கு எங்க வீட்டுக்காரர்..." என்று இவள் தொடங்கினாள்.

"நின்னு நின்னு இடுப்பு ஒடியுதுக்கா. அதெல்லாம் இன்னொரு நாள் பேசிக்கலாம். போய்ப் பிள்ளையப் பாருங்க."

திரும்பும் வழியில், ஒற்றையடிப் பாதையில், எதிரே பக்கத்து வீட்டுக்காரி வந்துகொண்டிருந்தாள். முகாம் என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பவள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே குடம் உருண்டையாகப் புடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பாதையைவிட்டு முட்செடிகளுக்குள் இறங்கி, தண்ணீர் சிந்தாமல் இவள் கடந்து போகும்வரை தலையைக் குனிந்தபடி நின்றாள்.