பேராசிரியர் கேட்ட 'நோ'

எங்கள் நெடுந்தீவில் உடம்பு வலிப்பதில்லை, நோகும். நாங்கள் வலிப்பது வலையையும் துடுப்பையும்தான். இது தெரியாமல், மூளையின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த ஒரு பேராசிரியர் போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் இலவச வைத்திய முகாம் நடத்த வந்து இறங்கினார். சென்னையில் படித்து லண்டனில் இருப்பவர்.

என் பக்கத்து வீட்டுக் குருசுமுத்து அண்ணைக்கு எலும்பில் புற்றுநோய். கடலே கதியென்று இருந்த மனிதர் பாயோடு கிடந்தார். யாழ்ப்பாண ஆசுபத்திரியில் கெஞ்சி வாங்கி, துறையில் சோதிக்கும் நேவிக்காரனுக்கு விளக்கம் சொல்லிக் கொண்டுவந்த, நோவுக்குக் குடிக்கும் மோர்பின் பாணி ஒரு போத்தல் இருந்தது. அது இருந்தால்தான் அவருக்கு நித்திரை.

பேராசிரியர் வீட்டுக்கு வந்த நேரம் அண்ணை மருந்து குடித்துச் சற்று ஆறியிருந்தார்.

"இப்ப வலிக்குதா?"

"வலிக்கிறதோ? அதை விட்டுக் கனகாலம், சேர்," என்றார் அண்ணை. அவர் சொன்னது துடுப்பை.

பேராசிரியர், அண்ணையின் மனைவி மரியநாயகி அக்காவின் பக்கம் திரும்பினார். "ராத்திரியில?"

"நோ, சேர். சரியான நோ." அக்கா சொன்னது தாங்க முடியாத நோவை.

இங்கிலிசில் பதில் சொல்லும் தீவைக் கண்டு பேராசிரியர் பூரித்துப்போனார். உடனே பிரசங்கம் தொடங்கியது.

"மூளையே மார்ஃபின் மாதிரி ஒண்ணு சுரக்கும். எண்டார்ஃபின்னு பேரு. இவருக்கு அது தாராளமா சுரக்குது! ஆனா பயப்படக் கூடாது. பயந்தா கொலிசிஸ்டோகைனின்னு இன்னொண்ணு சுரக்கும். குடிச்ச மருந்தையும் அது வேலை செய்ய விடாது."

பயப்படக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போத்தலை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். தேவைப்படுகிற யாருக்காவது கொடுப்பாராம். இரண்டு கரண்டி மட்டும் ஒரு கோப்பையில் விட்டுவைத்தார். படித்தவர் செய்தால் பிழை இராது என்று அக்கா கோப்பையை மூடிவைத்தார்.

பின்னேரம் அண்ணை ஒரு கரண்டி குடித்தார். போத்தல் போன பயத்தில் அது கேட்கவில்லை. மற்றக் கரண்டியும் கேட்கவில்லை. விடியும்வரை அவர் நோவில் குளறி அழுதது ஊருக்கே கேட்டது. பேராசிரியரின் விஞ்ஞானம் எழுத்துப் பிசகாமல் பலித்துவிட்டது.

காலையில் நானும் அக்காவும் இறங்குதுறைக்கு ஓடினோம். பேராசிரியரை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போகும் வள்ளம் கரையை விட்டுவிட்டது. அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக் கத்தினார்.

"சேர்! அவருக்கு நோ! நோ, சேர், நோ!"

பேராசிரியர் பையை அணைத்தபடி எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவரும் கையாட்டினார்.

"வெரி குட்!"